குளத்துப் பறவையும் கோழி ஷெட்டின் வாசலும்

கேள்வி:

டாக்டர் ஐயா, நாங்கள் திருப்பூர் ஊத்துக்குளி ரோட்டில், நஞ்சராயன் குளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் இருக்கின்றன. பல்லடம் பக்கம் என் தம்பி இரண்டு ஷெட்டு போட்டு, கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்த்துக் கொடுக்கிறான்.

ஐப்பசி பிறந்தால் குளம் நிறையப் பறவைகள் வந்துவிடும். சரணாலயம் என்று அறிவித்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமும் வருகிறது. இப்போது எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: "வெளிநாட்டுப் பறவைதான் பறவைக் காய்ச்சலைக் கொண்டு வருது, குளத்துப் பக்கம் யாரும் போகாதீங்க" என்று. எங்கள் லைன் வீடுகளில் சிலர், வெடி போட்டு விரட்டிவிட வேண்டும் என்கிறார்கள். தம்பி ரொம்பப் பயந்துபோய் இருக்கிறான். அவன் போட்ட முதல் அத்தனையும் அந்த ஷெட்டில்தான் இருக்கிறது.

போன சித்திரையில் என் கோழிகளில் நாலைந்து வெள்ளையாகக் கழிந்து செத்துப்போயின. அதுவும் இந்த நோய்தானா? ஆறாவது படிக்கும் என் பையன் குளக்கரையில் இறகு பொறுக்கிக்கொண்டு வருகிறான், அது ஆபத்தா? கறி, முட்டை சாப்பிடலாமா? பறவைகளால் எங்களுக்கு உண்மையில் என்னதான் ஆபத்து என்று சொல்லுங்கள் ஐயா.

– ஒரு வாசகி, சர்க்கார் பெரியபாளையம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயம் நியாயமானது. அந்த வாட்ஸ்அப் செய்தியிலும் பாதி உண்மை இருக்கிறது. நீர்ப்பறவைகள் சில வைரஸ்களைச் சுமக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. மீதிப் பாதியை அந்தச் செய்தி சொல்லவில்லை. குளத்தில் இருக்கும் வைரஸ் உங்கள் தம்பியின் ஷெட்டுக்குள் நுழைவதும், அங்கிருந்து ஊர் ஊராகப் பரவுவதும் பெரும்பாலும் மனிதர்கள் திறந்து வைத்த வழியில்தான் நடக்கிறது. காவல் போட வேண்டிய இடம் ஷெட்டின் வாசல். அதை விட்டுவிட்டுக் குளத்தில் வெடி போட்டால் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

பறவை சுமப்பது என்ன?

பறவைக் காய்ச்சல் என்பது இன்ஃப்ளூயன்சா ஏ வகை வைரஸால் வருவது. வாத்து, உள்ளான், கடற்பறவை போன்றவற்றின் உடலில் இந்த வைரஸ் நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. வாத்தின் குடலில் பெருகி, எச்சத்தோடு தண்ணீரில் கலந்து, அதைக் குடிக்கும் அடுத்த வாத்துக்குப் போகிறது. இயற்கையாக நீர்ப்பறவைகளிடம் இருக்கும் வகைகள் பெரும்பாலும் சாதுவானவை. வாத்துக்கு நோயே தெரியாது.

அதே வைரஸ், ஒரே வயதும் ஒரே இனமுமாக ஆயிரக்கணக்கான கோழிகளை நெருக்கி அடைத்த இடத்துக்குள் போனால் கதை மாறுகிறது. கோழிக்குக் கோழி தாவிப் பெருகும்போது, ஹெச்5, ஹெச்7 என்ற இரண்டு வகைகள் மட்டும் கொல்லும் வைரஸாக மாறக்கூடும். இன்று உலகம் பயப்படும் ஹெச்5என்1 வைரஸின் மூதாதை 1996-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு வாத்துப் பண்ணையில் கண்டுபிடிக்கப்பட்டது. 1997-ல் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். கோழிச் சந்தைகளே அதற்கு வழி என்று தெரிந்ததும், அங்கே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைச் சில நாட்களில் அழித்தார்கள்.

2005-ல் சீனாவின் சிங்காய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் இந்த வைரஸால் செத்தன. அவற்றில் பெரும்பங்கு வரித்தலை வாத்துகள். இமயமலையைத் தாண்டிப் பறந்து நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை வரும் அதே இனம்தான். பண்ணையில் முற்றிய வைரஸ் காட்டுப் பறவைக்குத் திரும்பிப் போன காலம் அது.

அதன்பின் நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. 2021-க்குப் பிறகு ஹெச்5என்1 காட்டுப் பறவைகள் வழியாகவே ஐரோப்பா, அமெரிக்கக் கண்டங்கள் எங்கும் பரவியது, தென் அமெரிக்கக் கடற்கரைகளில் கடல் சிங்கங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது, அண்டார்டிகாவையும் எட்டிவிட்டது. ஆகவே "பறவைக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். பறவை நோயைச் சுமக்கிறது, அதற்குப் பலியாகவும் ஆகிறது.

ஒரு வாத்து மங்கோலியாவில் வைரஸை வாங்கி நேராகத் திருப்பூரில் கொண்டுவந்து இறக்குகிறது என்று நினைக்க வேண்டாம். தொற்றிய பறவை பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான் வைரஸை வெளியேற்றும். கடுமையாக நோயுற்ற பறவையால் நெடுந்தூரம் பறக்கவும் முடியாது. ஊசிவால் வாத்து போன்ற சில இனங்கள் நோய் காட்டாமல் சில நாட்கள் சுமக்கும். வழியில் தங்கும் நீர்நிலையில் அது வேறொரு பறவைக்குப் போகும். தொடர் ஓட்டத்தில் கைமாறும் கட்டையைப் போல வைரஸ் ஏரிக்கு ஏரி நகர்கிறது. அந்த ஏரிக்கரைகளில் பண்ணை வாத்தும் கோழிக் கழிவும் இருந்தால், கட்டையை வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் ஆட்கள் கூடிவிடுகிறார்கள்.

நம் நாட்டில் நடந்தவை

இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூர் கோழிப் பண்ணைகளில். நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் ஆலப்புழா மாவட்டம் 2014, 2021, 2024 ஆண்டுகளில் அடிபட்டது. குட்டநாட்டில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகளை மந்தையாக மேய விடுவார்கள். அதே தண்ணீரில்தான் வலசை வரும் வாத்தும் இறங்கும். அங்கே இரண்டுக்கும் நடுவே வேலியே கிடையாது. அமராவதிப் பாசன வயல்களில் அறுப்பு முடிந்ததும் வாத்து மந்தை மேயும் காட்சி உங்கள் மாவட்டத்துக்கும் புதிதல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

2020 டிசம்பர் கடைசியில் இமாசலப் பிரதேசத்தின் போங் அணை நீர்த்தேக்கத்தில் வரித்தலை வாத்துகள் சாகத் தொடங்கின. போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் ஹெச்5என்1 என்று உறுதி செய்தது. சில வாரங்களில் சுமார் 5,000 பறவைகள் இறந்தன. அரசு அங்கே பறவைகளை விரட்டவில்லை. அணையைச் சுற்றி மனித நடமாட்டத்தையும் மீன்பிடிப்பையும் நிறுத்தி, செத்த பறவைகளைப் பாதுகாப்பாகப் புதைத்து, சுற்றுவட்டாரக் கோழிகளைக் கண்காணித்தார்கள்.

பறவைகள் மீது பழி விழுந்த பழைய கதை ஒன்றும் உண்டு. 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. மக்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. கிடைத்த வைரஸ், ரஷ்யப் பகுதியில் உண்ணிகளால் பரவும் ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸை ஒத்திருந்தது. சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணியோடு இதைக் கொண்டுவந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் ஆயிரக்கணக்கான பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையமிட்டு, உண்ணிகளைச் சேகரித்து ஆராய்ந்தது. பிற்பாடு நம் கோடியக்கரையும் இத்தகைய வளையமிடும் பணியின் முக்கிய மையமானது. பறவைகள்தான் கொண்டுவந்தன என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்த வைரஸ் உள்ளூர்க் காட்டின் உண்ணிகளிடமும் சிறு விலங்குகளிடமும் இருந்ததும், காட்டுக்குள் மனிதனும் மாடும் அதிகம் புகுந்ததால் ஊருக்குள் வந்ததும் தெரிய வந்தன. சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்ததால்தான் உண்மை வெளிப்பட்டது. பறவைகளின் வலசைப் பாதை பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பகுதியும் அந்த உழைப்பால் கிடைத்ததே.

பரப்புவது யார்?

அமெரிக்காவில் 2024 மார்ச்சில் கறவை மாடுகளுக்கு ஹெச்5என்1 வந்திருப்பது தெரிந்தது. பறவையிலிருந்து மாட்டுக்கு வைரஸ் தாவியது ஒரு சில முறைதான். பிறகு மாநிலம் விட்டு மாநிலம் அதைக் கொண்டுபோனவை மாடு ஏற்றிய லாரிகளும், பண்ணைக்குள் பால் கறக்கும் கருவிகளும், பண்ணை விட்டுப் பண்ணை போன ஆட்களும். பறவை ஒரு பொறியைப் போட்டது. அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது தொழில்.

பல்லடத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். கறிக்கோழி விலையையே நிர்ணயிக்கும் ஊர் அது. ஒரு நாளில் எத்தனை வண்டிகள் ஷெட்டு ஷெட்டாகப் போகின்றன? குஞ்சு இறக்கும் வண்டி, தீவன லாரி, கோழி பிடிக்கும் ஆட்கள், லோடு ஏற்றும் வண்டி, கோழி எரு வாங்கிப் போகும் டிராக்டர், கம்பெனி சூப்பர்வைசரின் பைக். ஒரு ஷெட்டில் நோய் புகுந்துவிட்டால், குளத்துப் பறவை ஒன்றுகூடப் பறக்காமலே பத்து ஷெட்டுக்குப் போய்விடும். அதுபோல் இறைச்சிக் கடைக் கழிவைக் குளக்கரையிலும் ஓடைகளிலும் கொட்டுகிறார்கள். காக்கை, பருந்து, தெருநாய், கொக்கு எல்லாம் அங்கே கூடுகின்றன. பண்ணைக் கோழியின் நோயும் காட்டுப் பறவையும் சந்திக்கும் இடத்தை நாமே அமைத்துக் கொடுக்கிறோம்.

தம்பிக்குச் சொல்ல வேண்டியவை

ஷெட்டின் பக்கவாட்டு வலையில் சிட்டுக்குருவி நுழையும் ஓட்டைகூட இருக்கக் கூடாது. கூரை ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சிந்திய தீவனத்தை அன்றன்றே கூட்டிவிட வேண்டும். அதுதான் காக்கையையும் மைனாவையும் அழைக்கிறது. குளம், வாய்க்கால், திறந்த தொட்டித் தண்ணீரைக் கோழிக்குக் கொடுப்பதாக இருந்தால் குளோரின் கலந்துதான் கொடுக்க வேண்டும். ஷெட்டுக்குள் போடுவதற்கென்று தனிச் செருப்பு வைக்கட்டும். வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்து, அந்தத் தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். வண்டிச் சக்கரத்துக்கும் மருந்து அடிக்க வேண்டும்.

பண்ணை வளாகத்துக்குள் வாத்தோ நாட்டுக்கோழியோ பந்தயப் புறாவோ வளர்க்கவே கூடாது. உங்கள் வீட்டுக் கோழியைப் பார்த்துவிட்டு நீங்கள் அவன் ஷெட்டுக்குப் போனாலும், கை கால் கழுவி உடை மாற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஷெட்டிலேயே தங்கி வேலை பார்க்கும் வடமாநிலக் குடும்பங்கள் இருந்தால், இதையெல்லாம் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லி, கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுக்க வேண்டும். முதலில் நோயை எதிர்கொள்கிறவர்கள் அவர்கள்தான்.

ஒரே நாளில் கோழிகள் கூட்டமாகச் செத்தாலோ, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்தாலோ, முகம் வீங்கினாலோ, தீவனமும் தண்ணீரும் திடீரென்று குறைந்தாலோ, மறைக்காமல் அன்றே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். 1962 என்ற எண்ணிலும் அழைக்கலாம். நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் கோழிகளை அழிப்பார்கள். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். அழிக்கப்படும் கோழிக்கு அரசு இழப்பீடு உண்டு. மறைத்து அவசரமாக லோடு ஏற்றி விற்றால், தம்பியின் இழப்பு வட்டாரத்தின் இழப்பாகிவிடும்.

உங்கள் நாட்டுக்கோழிகள்

கோடையில் வெள்ளையாகக் கழிந்து, கழுத்து திருகிச் சாவது பெரும்பாலும் ராணிக்கெட் நோய், நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பது. இதுவும் வைரஸ்தான், ஆனால் பறவைக் காய்ச்சல் வைரஸ் இல்லை. மனிதருக்கு இதனால் வருவது அதிகபட்சம் சில நாள் கண் சிவப்பு. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. ஒவ்வோர் ஆண்டும் கோடைக்கு முன் கால்நடைத் துறை இலவச முகாம் நடத்துகிறது, தவறவிடாதீர்கள். இன்னொன்று: கோழிகளைக் குளக்கரைக்கு மேயப் போகவிடாதீர்கள். வீட்டுப் பக்கமே அடைத்து வையுங்கள். பனிக்காலத்தில் இது கட்டாயம்.

பையனும் இறகும்

பறவை பார்ப்பதால் யாருக்கும் நோய் வராது. கரைமேல் நின்று பார்க்கட்டும், பெயர் எழுதட்டும். இறகை எடுக்க வேண்டாம். அதில் எச்சம் ஒட்டியிருக்கலாம். எச்சத்தில் இந்த வைரஸ் 4 டிகிரிக் குளிரில் ஒரு மாதத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். 37 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் செத்துவிடும். நம் வெயில் நமக்கு ஓரளவு காவல்தான், ஆனால் முழுக் காவல் இல்லை. வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சோப்புக்கு இந்த வைரஸ் நிற்காது. செத்த பறவையைக் கண்டால் தொடவே கூடாது. ஒன்று என்றாலும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஐந்தாறு சேர்ந்து கிடந்தால் உடனே சொல்லுங்கள். மயிலுக்கும் இதே விதிதான். கொங்குச் சீமையில் செத்துக் கிடக்கும் மயில் பெரும்பாலும் விஷம் தின்றதாக இருக்கும், ஆனால் அதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர்.

கறியும் முட்டையும்

தாராளமாகச் சாப்பிடுங்கள். 70 டிகிரிச் சூட்டில் வைரஸ் அழிந்துவிடும். நம் குழம்பு கொதிப்பது அதற்கு மேல். கவனம் வேண்டியது பச்சைக் கறியைக் கையாளும்போது. 2025-ல் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் ஹெச்5என்1 தொற்றி 2 வயதுக் குழந்தை இறந்தது. சமைக்காத கோழிக்கறியை அது வாயில் போட்டதாகச் செய்தி வந்தது. கறி நறுக்கும் இடத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். அதற்கென்று தனிப் பலகையும் கத்தியும் வைத்துக்கொள்ளுங்கள். அரைவேக்காட்டு முட்டையும் பச்சை முட்டையும் வேண்டாம்.

மனிதருக்கு எவ்வளவு ஆபத்து?

2003 முதல் உலகெங்கும் ஹெச்5என்1 தொற்றியதாக உறுதியானவர்கள் 900-க்கும் மேல்; அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்தார்கள். எளிதில் தொற்றாது, தொற்றினால் கடுமை. இந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் இடங்கள் பறவைக் குடலில் ஏராளமாக இருக்கின்றன. நம் மூக்கிலும் தொண்டையிலும் அவை குறைவு, நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம் என்பதே காரணம். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் திறனை அது இன்னும் பெறவில்லை. ஆனால் ஒவ்வொரு ஷெட்டும் ஒவ்வொரு புதிய விலங்கும் அது மாறிப் பார்ப்பதற்கு ஒரு வாய்ப்பு. அதனால்தான் கவலைப்படுகிறோம். செத்த கோழியைக் கையாண்ட பத்து நாளுக்குள் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால், கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் கோழி விஷயத்தையும் சொல்லுங்கள். ஓசல்டாமிவிர் என்ற மருந்தைத் தாமதிக்காமல் தொடங்கினால் நல்ல பலன் உண்டு.

கொக்கும் நாரையும் வேறு இரண்டு வைரஸ்களுக்கு இருப்பிடம்: ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் வெஸ்ட் நைல் காய்ச்சலும். முதலாவது இந்தியாவில் முதன்முதலில் அறியப்பட்டதே 1955-ல் நம் வேலூரில்தான். இரண்டாவதால் 2019-ல் கேரளத்தின் மலப்புரத்தில் ஒரு சிறுவன் இறந்தான். இரண்டும் கொக்கிலிருந்து நேராக நமக்கு வருவதில்லை, க்யூலெக்ஸ் கொசு கடித்தால்தான் வரும். கொக்கை விரட்டிப் பயனில்லை. கொசு முட்டையிடும் சாக்கடையையும் தேங்கிய நீரையும் ஒழிக்க வேண்டும்.

வெடி போடலாமா?

கூடவே கூடாது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும், வலசை உயிரினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு, பறவைகளைச் சுடுவதோ விரட்டுவதோ நீர்நிலையை வற்றவைப்பதோ தீர்வல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஒரே குளத்தில் இருக்கும் பறவைகளை வெடி போட்டுக் கலைத்தால் அவை பத்துக் குட்டைகளுக்குச் சிதறும். அதில் ஒரு குட்டை உங்கள் தம்பியின் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கலாம். சரணாலயத்தில் வெடி போடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சாயக்கழிவில் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்த ஊர் திருப்பூர். 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாட்களை உங்கள் தெருவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், நல்லாற்று நீரை வாங்கும் சுமார் 125 ஹெக்டேர்க் குளம் தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமாகி, 2024 ஆகஸ்ட்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. உள்ளூர் ஆர்வலர்கள் பல ஆண்டுகள் பறவைகளை எண்ணி, எழுதி, மன்றாடிப் பெற்ற பெருமை இது. குளம் பறவைகளுக்குப் போதுமான இடமும் இரையும் தந்தால், அவை பண்ணைப் பக்கமும் வயல் பக்கமும் ஒதுங்கும் தேவை குறையும். நல்ல குளம் கோழிப் பண்ணைக்கும் பாதுகாப்பு.

உங்கள் லைன் வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள்: வெடிக்குச் செலவழிக்கும் நேரத்தில் ஒரு மனு எழுதுங்கள். குளக்கரையிலும் ஓடையிலும் இறைச்சிக் கடைக் கழிவு கொட்டுவதை நிறுத்த வேண்டும், குளத்துக்குள் சாக்கடை விழுவதைத் தடுக்க வேண்டும் என்று ஊராட்சியிலும் மாநகராட்சியிலும் கேளுங்கள். தம்பியிடம், அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கும் முன் வலையைச் சரிபார்த்து, வாசலில் மருந்துத் தொட்டி வைக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் நடந்தால் உங்கள் பகுதியில் இந்த நோய் நுழையும் வழிகளில் பெரும்பாலானவை அடைபட்டுவிடும்.